அம்மாவின் டெபாசிட் தூங்குகிறது, உங்கள் நகை அடகில் இருக்கிறது

கேள்வி: எனக்கு 53 வயது. கோவையில் தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளம் 44,000 ரூபாய். அப்பா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு 77. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஆள் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. மறதியும் ஆரம்பித்திருக்கிறது. ஆனால் எங்களையெல்லாம் தெரிகிறது, கையெழுத்துப் போடுகிறார். 14 மாதமாக இங்கே ஓர் அசிஸ்டட் லிவிங் இல்லத்தில் இருக்கிறார். மாதம் 46,000, மருந்து, டயப்பர், பிசியோதெரபி என்று மேலே 9,000. அம்மாவின் குடும்ப பென்ஷன் 24,000. மீதியை நான்தான் போடுகிறேன். சேரும்போது கட்டிய டெபாசிட் ஒன்றரை லட்சத்தையும் சேர்த்து, நகைக் கடன் மூன்றரை லட்சம், பர்சனல் லோன் இரண்டரை லட்சம் ஆகிவிட்டது. சென்ற வருடம் நகையை வட்டி கட்டித் திருப்பி வைத்தேன். அந்த வட்டியும் பர்சனல் லோனிலிருந்துதான். இப்போது வங்கி, இருக்கிற பர்சனல் லோனுக்கு மேல் ஐந்து லட்சம் டாப்-அப் கடன் தருகிறேன் என்கிறது. கூடவே ஒரு ‘உறுதியான வருமான’ பாலிசியும் சொல்கிறார்கள். 32,000-க்கு வேறொரு இல்லம் இருக்கிறது, அங்கே அட்டெண்டர் தனி, நாளுக்கு 750. மாற்றலாமா? அம்மா பெயரில் 26 லட்சம் டெபாசிட் உண்டு, நாமினி தம்பி. அது தம்பிக்கு என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டார். தஞ்சாவூர் வீடும் அம்மா பெயரில். கீழே தம்பி குடும்பம், மாடி வாடகை 9,000-ஐ அவனே வாங்கிக்கொள்கிறான். வீட்டை இப்போதே தன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதித் தரச் சொல்கிறான். கேட்டால், ‘உனக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே’ என்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் டாப்-அப் பற்றிப் பன்னிரண்டு வரி இருந்தது, 26 லட்சத்தைப் பற்றி ஒன்றரை வரி. இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். பிரச்சினை முழுக்க அந்த ஒன்றரை வரியில் இருக்கிறது.

தம்பி சொல்லும் அந்தக் கல்யாண நகைதான் இப்போது அடகுக் கடையில் இருக்கிறது. எதற்காக? அவருக்கும் அம்மாவான ஒருவரின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். உங்கள் கடன் ஆறு லட்சத்துக்கு நகைக் கடனில் 10%, பர்சனல் லோனில் 14% என்று வைத்தாலும் வருடத்துக்குச் சுமார் 70,000 வட்டி கட்டுகிறீர்கள். அதே வருடத்தில் அம்மாவின் 26 லட்சம், 7% என்று வைத்தால், 1,82,000 ரூபாய் குட்டி போடுகிறது. அதை யாரும் தொடுவதில்லை. அதாவது தம்பியின் எதிர்காலப் பங்கு வளர்வதற்கு நீங்கள் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதைத் தம்பி திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. நீங்களே செய்துகொண்டது.

நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. அம்மாவின் காலத்துக்குப் பிறகு வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர், அவ்வளவுதான். அம்மா உயிரோடு இருக்கும்வரை அந்த டெபாசிட்டைப் பற்றி நாமினிக்கு ஒரு வார்த்தை பேச உரிமை கிடையாது. ‘தம்பிக்கு’ என்று அம்மா சொன்னது, விழுவதற்கு முன்பு, தனக்கு மாதம் 55,000 செலவாகும் என்று தெரியாத காலத்தில். இன்று போய், “அம்மா, உன் செலவுக்கு உன் பணத்தை எடுக்கட்டுமா, இல்லை என் வளையலை அடகு வைக்கட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கே தெரியும். கேட்கக் கூச்சம், அதனால் கடன்.

டாப்-அப்பை முதலில் முடித்துவிடுவோம். ஐந்து லட்சம், 14%, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 11,600. உங்களுக்கு விழும் துண்டு மாதம் 31,000. ஐந்து லட்சம் 16 மாதத்தில் தீர்ந்துபோகும், தவணை மட்டும் இன்னும் 44 மாதம் ஓடும். 17-வது மாதம் அம்மாவுக்குப் போட வேண்டிய 31,000 அப்படியே நிற்கும், அதன் மேல் இந்த 11,600. உங்கள் சம்பளம் 44,000. வேண்டாம், அவ்வளவுதான்.

அந்த ‘உறுதியான வருமான’ பாலிசியின் விளக்கத் தாளை இணைத்திருந்தீர்கள். வருடம் இரண்டு லட்சம் வீதம் ஏழு வருடம் கட்ட வேண்டும், ஒன்பதாவது வருடத்திலிருந்து பணம் வரும். அம்மாவுக்கு டயப்பர் இந்த வாரம் வேண்டும். ஒன்பதாவது வருடத்தில் அம்மாவுக்கு 86. கடன் கொடுக்கிற அதே மேசையில் இதையும் நீட்டியவருக்கு அந்த மாத இலக்கு ஏதோ பாக்கி இருந்திருக்கும். கோபப்படாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.

சரி, இனி அம்மாவின் பணத்தை அம்மாவுக்கு வேலை செய்ய வைப்போம். 26 லட்சத்தை முறியுங்கள். முன்கூட்டி முறிப்பதற்கு வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைப்பார்கள், அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். முதல் வேலையாக ஆறு லட்சத்தில் இரண்டு கடனையும் அடையுங்கள். இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை: 14 மாதம் × 31,000 = 4,34,000, இல்ல டெபாசிட் 1,50,000, ஆக 5,84,000 அம்மாவுக்காகவே செலவானது. ஒவ்வொரு ரசீதும் உங்களிடம் இருக்கிறது.

மிச்சம் 20 லட்சம். இதில் 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அம்மா பெயரில் போடுங்கள். நான் இதை எழுதும்போது வட்டி 8.2%. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 30,750 ரூபாய் வரும், மாதக் கணக்கில் 10,250. உச்சவரம்பு 30 லட்சம், எல்லாவற்றையும் போடலாமே என்று கேட்பீர்கள். போடாதீர்கள். முதல் வருடத்துக்குள் முடித்தால் வட்டியே கிடையாது, அப்புறமும் ஒன்றரை, ஒரு சதவீதம் என்று பிடிப்பார்கள். மறதி நோய் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கையில் எடுக்கிற மாதிரி பணம் வேண்டும். அதனால் ஐந்து லட்சம் ஐந்து துண்டாக, சாதாரண வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும்.

மாடி வாடகை 9,000 அம்மாவின் கணக்குக்கு வர வேண்டும். அது அம்மாவின் வீடு. தம்பி கீழே வாடகையில்லாமல் இருப்பதை இப்போதைக்குக் கிளற வேண்டாம் என்பது என் கருத்து. அவர் செய்கிற பங்கு அதுவாக இருக்கட்டும், வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் அல்லவா. ஆனால் வாடகை அப்படியில்லை. கணக்கைப் பாருங்கள்: துண்டு 31,000, வாடகை 9,000, வட்டி 10,250. மிச்சம் 11,750. அதை அந்த ஐந்து லட்சத்திலிருந்து எடுத்தால் மூன்று வருடத்துக்கு மேல் தாங்கும். அதற்குள் அம்மாவுக்கு 80 முடிந்துவிடும், குடும்ப பென்ஷனின் அடிப்படைத் தொகையில் 20% கூடும். இல்லக் கட்டணம் வருடம் 8% ஏறினாலும், 20 லட்சத்தையும் அசலோடு கரைத்துக்கொண்டே போனால் தோராயமாக ஏழு வருடம். அம்மாவுக்கு 84 வயது வரை, வீட்டைத் தொடாமல், உங்கள் சம்பளத்தைத் தொடாமல். அதற்கும் மேல் போனால் வீடு இருக்கிறது.

அதனால்தான் செட்டில்மென்ட் கூடாது என்கிறேன். 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு ஒன்று இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். நம் ஊர்ப் பத்திரங்களில் ‘அன்பும் பாசமும் காரணமாக’ என்று எழுதுவார்கள், நிபந்தனையை எழுத மாட்டார்கள். அப்புறம் அந்தத் தீர்ப்பாயம் நடக்கும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகப் படியேறி அலைய வேண்டியதுதான். மறதி ஆரம்பித்த ஒருவர் எழுதிய பத்திரம் பிற்பாடு தம்பிக்கே தலைவலியாகும், இதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இல்லத்தை மாற்றும் கேள்விக்கு வருகிறேன். 32,000 என்பது கட்டணமே இல்லை, அறை வாடகை. 750 × 30 = 22,500 சேர்த்தால் 54,500. மருந்தும் டயப்பரும் அதற்கும் மேலே. இப்போதைய இடத்தில் 46,000-க்குள் பொது அட்டெண்டர் அடக்கம். ஆக மாற்றினால் செலவு கூடும். தவிர, அந்த ஒரு அட்டெண்டர் லீவு போட்டால் அன்று அம்மாவைக் கழிவறைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டீர்களா?

இந்த இல்லங்களின் விலைப் பட்டியலை நான் நம்புவதில்லை. போன வருடம் உறவினர் ஒருவருக்காக ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனேன். காலையில் போனபோது வரவேற்பறையில் ரோஜாப்பூ, நோட்டுப் புத்தகம் மாதிரி வழவழப்பான கையேடு. அதே இடத்துக்கு இரவு ஏழு மணிக்குச் சொல்லாமல் போனேன். ஒரே பெண் மூன்று பேருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார், மூன்றாமவரின் கிண்ணம் ஆறி ஆடை படிந்திருந்தது. அந்தப் பெண்ணின் மேல் தப்பில்லை. நீங்களும் உங்கள் அம்மாவின் இல்லத்துக்கு ஒரு முறை அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஒன்றரை லட்சம் டெபாசிட்டில் எவ்வளவு எப்போது திரும்பும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா, மறதி முற்றினால் எந்தக் கட்டத்தில் எந்த விலைக்கு மாற்றுவார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் மழுப்புவார்கள். விடாதீர்கள்.

காப்பீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பென்ஷன்தாரர் மருத்துவக் காப்பீடோ, 70 வயது கடந்தவர்களுக்கான மத்திய அரசின் ஐந்து லட்ச அட்டையோ, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கொடுக்கும். இல்லத்தில் தங்குவதற்கு எதுவும் கொடுக்காது.

ஒன்றுதான் அவசரம். அம்மா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே வங்கி வேலை முடிய வேண்டும். அம்மா சார்பில் செயல்பட பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். எழுதியவருக்குச் சித்தம் தெளிவில்லாமல் போனால் பவரும் செத்துவிடும், அப்புறம் காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டி வரும். அம்மாவின் சேமிப்புக் கணக்கில் உங்கள் பெயரையும் சேருங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில். 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீடு தேடி வரும் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, கிளை மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். இந்த நோயில் பலருக்குக் காலையில்தான் தெளிவு, சாயங்காலம் தடுமாற்றம்.

தம்பியை அன்று கூடவே உட்கார வையுங்கள். ஒளித்துச் செய்தால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தும் திருடியது போலாகிவிடும். 14 மாத ரசீதுகளையும் நகை ரசீதையும் மேசையில் வைத்து, மேலே நான் போட்ட கணக்கை அவரையே ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். நகைக் கடன் தவணை பங்குனியில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை திருப்பி வைக்க வேண்டாம், மீட்டு வாருங்கள். மாடி வாடகை அம்மா கணக்கில் விழுகிற முதல் மாதம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.