மரபணு அறிக்கையில் 'தெளிவில்லை' என்று வந்தால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா?

கேள்வி: எனக்கு 34 வயது. அம்மாவுக்கு 45 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சைக்குப் பிறகு இப்போது நலமாக இருக்கிறார். பயத்தில் நானே மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. இரண்டு மார்பகங்களையும் இப்போதே எடுத்துவிடுவது நல்லது என்கிறார் உறவினர் ஒருவர். என் தங்கையும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? இரவில் தூக்கமே வருவதில்லை.

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கையை மட்டும் நம்பி எந்த அறுவை சிகிச்சைக்கும் போகாதீர்கள். உங்கள் பரிசோதனையில் கெட்ட முடிவு வரவில்லை. முடிவே இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

பி.ஆர்.சி.ஏ.1 என்பது அறுந்துபோன டி.என்.ஏ. இழையைச் சரிசெய்யும் புரதத்தை உருவாக்கும் மரபணு. அது நிச்சயமாகக் கெட்டுப்போன பெண்களில் 100 பேரில் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். அவர்களிடம்தான் மார்பகத்தை முன்கூட்டியே எடுப்பது பற்றிப் பேசுகிறோம். உங்கள் உறவினர் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் கேள்விப்பட்ட கதை இவர்களுடையது. உங்கள் நிலை வேறு.

மரபணுவும் எழுத்துகளால் எழுதிய ஒரு வாசகம் போன்றதுதான். அதில் ஓர் எழுத்து மாறினால் எல்லாம் கெட்டுவிடும் என்றில்லை. கறுப்பு என்று எழுதினாலும் கருப்பு என்று எழுதினாலும் நிறம் ஒன்றுதான். அறம் என்பதை அரம் என்று எழுதினால் இரும்பைத் தேய்க்கும் கருவியாகிவிடும். மரபணுவிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று சொல்லப் போதுமான ஆதாரம் இன்று கையில் இல்லை என்பதைத்தான் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆதாரம் வேகமாகச் சேர்ந்துவருகிறது என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் நல்ல செய்தி. 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த வேலை என்னை வியக்க வைத்தது. பி.ஆர்.சி.ஏ.1 வேலை செய்யாவிட்டால் செத்துப்போகும் ஒரு வகை மனித செல்லை எடுத்துக்கொண்டார்கள். மரபணுத் திருத்தக் கருவியால் அந்த மரபணுவின் முக்கியமான பகுதிகளில் ஒவ்வொரு எழுத்தாக மாற்றினார்கள். கிட்டத்தட்ட 4,000 மாற்றங்கள்! அப்புறம் எந்தச் செல் பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்த்தார்கள். மாற்றத்தைத் தாங்கிச் செல் பிழைத்தால் அது பெரும்பாலும் தீங்கற்றது, செத்தால் ஆபத்தானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நோயாளி வரும்வரை காத்திருந்த காலம் இப்படித்தான் மாறுகிறது.

இன்னொரு வழி, மக்களின் மரபணுத் தொகுப்பு. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்கள் ஒரே பொதுத் தளத்தில் இன்று கிடைக்கின்றன. ஒரு மாற்றம் ஏராளமானவர்களிடம் சாதாரணமாகக் காணப்பட்டால், அது கடும் ஆபத்தைத் தருவதாக இருக்க வாய்ப்பு குறைவு. எந்த மக்களிடமிருந்து குறைவான மாதிரிகள் சேர்ந்திருக்கின்றனவோ, அவர்களுக்குத்தான் 'தெளிவில்லை' என்ற பதில் அதிகமாக வருகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஒரு மாற்றம் தீங்கானதா இல்லையா என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கணிப்புகளும் வந்திருக்கின்றன. ஆனால் கணிப்பை மட்டும் வைத்து யாரையும் நான் அறுவை சிகிச்சைக்கு அனுப்ப மாட்டேன்.

இப்படித் தெளிவில்லாமல் இருந்து பின்னர் தெளிவான மாற்றங்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிந்திருக்கின்றன. உங்களுடையதும் அப்படித்தான் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் தூங்குவதற்கு இது போதுமான காரணம்.

சரி, தங்கை விஷயத்துக்கு வருவோம். இந்த மாற்றத்துக்காக அவர் இப்போது பரிசோதனை செய்ய வேண்டாம். உங்கள் குழப்பம் அவருக்கும் போகும், வேறு பயன் இல்லை. பரிசோதனை செய்ய வேண்டியவர் அம்மா. நோய் வந்தவரிடம் தேடினால்தான் பதில் கிடைக்கும். உங்களிடம் உள்ள மாற்றம் அம்மாவிடம் இல்லையென்றால், அவருடைய நோய்க்கு அது காரணமில்லை என்று தெரிந்துவிடும். அம்மாவிடம் ஆபத்தானது என்று உறுதியான வேறொரு மாற்றம் இருந்து, அது உங்களுக்கு வரவில்லை என்றால், அது உண்மையிலேயே நிம்மதியான முடிவு. அப்படி ஒன்று அம்மாவிடம் இருந்தால் தங்கையும் அதற்காகப் பரிசோதிக்கலாம். அவருக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பா வழியில் யாருக்காவது மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் புற்றுநோய் வந்ததா என்றும் விசாரியுங்கள். இந்த மரபணு அப்பாவிடமிருந்தும் வரும். பலர் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் மார்பகப் பரிசோதனைகளைக் குடும்ப வரலாறுதான் தீர்மானிக்கும். அம்மாவுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே தொடங்குவது வழக்கம். உங்களுக்கு அது 35, அதாவது அடுத்த ஆண்டு. மேமோகிராம் போதுமா, எம்.ஆர்.ஐ.யும் வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நடுவில் கட்டி, காம்பில் கசிவு, தோல் உள்ளிழுத்தல் எது தெரிந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள்.

அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். அதில் 'சி' (c) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எண்களோடு வரும் பெயர்தான் உங்கள் மாற்றத்தின் அடையாளம். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்தையோ மரபணு ஆலோசகரையோ அழைத்து, 'இதன் வகைப்பாடு மாறியிருக்கிறதா?' என்று கேளுங்கள். அவர்களாகவே கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.