மழைக்காலத்து ஈர உடுப்பும் பக்கத்து லோன்றியும்

கேள்வி: வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் உடுப்புக் காயப்போட நிர்வாகம் விடுவதில்லை. மழை தொடங்கினால் ஹோல் முழுக்க ஈர உடுப்புத்தான். மாமிக்குத் தொய்வு (ஆஸ்துமா) வேறு. பக்கத்தில் நாங்களே போய்த் தோய்த்துக் காயவைத்து எடுக்கிற லோன்றி ஒன்று வந்திருக்கிறது. "வீட்டு உடுப்பைக் கண்டவர் உடுப்போடு போடுவதா?" என்கிறார் மாமி. இவரோ, கிழமைக்குக் கிழமை காசு கொடுப்பதை விட ஒரு டிரையர் வாங்கலாம் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, வீட்டில் வோஷிங் மெஷின் இருந்தால் தோய்ப்பதை வீட்டிலேயே செய்யுங்கள். காயவைக்க மட்டும் லோன்றிக்குப் போங்கள். அதையும் எல்லா உடுப்புக்கும் செய்யத் தேவையில்லை.

மாமியின் தொய்வைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஐந்து கிலோ பருத்தி உடுப்பு, மெஷின் நன்றாகச் சுற்றிப் பிழிந்த பிறகும் இரண்டு லீற்றருக்கு மேலே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஹோலில் காயப்போட்டால் அவ்வளவும் நீங்கள் மூச்சு விடுகிற காற்றுக்குத்தான் போகிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, அது முடிய ஒக்டோபர், நவம்பர் இடி மழை. வெளிக் காற்றே ஈரமாக இருக்கும் மாதங்களில் யன்னலைத் திறந்தும் பெரிய பலன் இல்லை. அலுமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடு தொய்வுக்காரருக்குக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2009 இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

ஈர உடுப்பில் வருகிற புளித்த வாடையும் சவர்க்காரம் போதாததால் வருவதல்ல. மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பக்டீரியாதான் காரணம் என்று 2012 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். துணி ஈரமாகக் கிடக்கிற நேரம் கூடக்கூட அது பெருகும். கெதியாகக் காயவைப்பதுதான் மருந்து.

ஆகவே பெட்ஷீட், துவாய், ஜீன்ஸ் இவற்றை லோன்றி டிரையருக்குக் கொண்டு போங்கள். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை மெல்லிய துணி, இரவில் மின்விசிறிக்குக் கீழே போட்டாலே காய்ந்துவிடும். உள்ளுடுப்பையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், டிரையர் சூட்டில் இலாஸ்டிக் கெட்டுப்போகும். வீட்டு மெஷினில் சுற்றும் வேகத்தைக் கூட்டிப் பிழிந்தால் லோன்றியில் நேரமும் காசும் மிச்சம். ஈர மூட்டை பாரமானது. அதைத் தூக்குவது உங்கள் அவருடைய வேலையாக இருக்கட்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டிரையர் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். சாதாரண டிரையர் ஒரு தடவைக்கு இரண்டு மூன்று யூனிட் மின்சாரம் எடுக்கும். எங்கள் வீட்டுக் கட்டண முறையில் பாவனை கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும். ஈரக் காற்றை வெளியே விடக் குழாய் வைக்க நிர்வாகம் சம்மதிக்குமா என்பதையும் கேட்க வேண்டும். சூட்டை வெளியே விடாமல் திரும்பப் பாவிக்கிற ஹீட் பம்ப் டிரையருக்குக் குழாய் தேவையில்லை, மின்சாரமும் ஏறக்குறைய பாதிதான். ஆனால் வாங்குகிற விலை கூட.

மாமியின் மனக்குறையை லேசாக எண்ணாதீர்கள். ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்களே போட்டு நாங்களே எடுக்கிற இடத்தில் ஒரு மெஷினுக்குள் ஒரு வீட்டு உடுப்புத்தான் சுற்றும். கண்ணால் கண்டால் ஆறுதல் வரும். உள்ளே போடுமுன் ஈரத் துணியால் ட்ரம்மைத் துடைத்துவிடுங்கள். கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கும் கடை என்றால், தனித்தனியாகப் போடுகிறார்களா என்று முதலே கேளுங்கள். மழுப்பினால் கொடுக்க வேண்டாம். மாமியின் பெட்ஷீட், தலையணை உறைகளை மட்டும் 60 பாகை சுடுநீரில் தோயுங்கள், தூசிப் பூச்சி சாகும்.

கேள்வி: கூறைச் சேலையை டிரையரில் போடலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டவே வேண்டாம். பட்டு சுருங்கும், சரிகை முறியும். அதை ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். மற்ற உடுப்புகளில் லேபலைப் பாருங்கள்: சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, மேலே குறுக்குக் கோடு கிழித்திருந்தால் கூடாது.