தீபாவளியிலிருந்து இரை எடுக்காத பைத்தான்

கேள்வி: ஏற்காடு மஞ்சக்குட்டை பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், தான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) பாம்பை அக்டோபரில் எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். வந்தபோது 640 கிராம் இருந்தது, இப்போது ஜனவரியில் 590. தீபாவளிக்குப் பிறகு எதையும் தின்னவில்லை. கண்ணாடித் தொட்டியில், ஹாலில் வைத்திருக்கிறோம். கிடங்கில் பொறி வைத்துப் பிடித்த எலியை உயிரோடு விட்டும் பார்த்தாயிற்று. பால் ஊற்றச் சொல்கிறார்கள் சிலர், வாயைப் பிளந்து ஊட்டச் சொல்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, எலி இன்னும் தொட்டிக்குள் இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். பசியில்லாத பாம்போடு விட்ட எலி, இரவில் பாம்பையே கடித்துக் குதறிவிடும். தோட்டத்து எலியில் வேறு ஆபத்தும் உண்டு. உங்களிடம் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கிடங்கில் புரோமாடியோலோன் என்ற எலி விஷம் வைத்திருப்பார்கள். அதைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் ஓடித் திரியும். அந்த விஷம் பாம்புக்கும் போகும். எலியைக் கையால் பிடிக்கிற உங்களுக்கு எலிக்காய்ச்சல் வேறு வரலாம்.

எடையைப் பற்றிப் பதற வேண்டாம். 640-லிருந்து 590 என்றால் எட்டு சதவீதம்கூடக் குறையவில்லை. இந்த இனம் குளிர்மாதங்களில் சில மாதம் பட்டினி கிடப்பது புதிதல்ல. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்.

பாம்பு ஏன் தின்னவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. இது கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பிராணி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஏற்காட்டில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். தொட்டிக்குச் சூடு ஏதும் கொடுப்பதாக நீங்கள் எழுதவில்லை. பாம்புக்குத் தன் உடம்பில் சூடு உண்டாக்கத் தெரியாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காது, உள்ளேயே அழுகும், இல்லையென்றால் கக்கிவிடும். அதனால்தான் அது தின்ன மறுக்கிறது. என்னைக் கேட்டால், மறுத்ததே நல்லது.

ஆகவே இரைக்கு முன்னால் சூட்டைச் சரிசெய்யுங்கள். கோழிக்குஞ்சுக்கு புரூடர் போடுவதுபோலத்தான்: ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் விலகிப் போக இடம். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27. ஆனால் பல்பைத் தொட்டிக்குள் தொங்கவிடக் கூடாது, பாம்பு சுற்றிக்கொண்டு வெந்துபோகும். தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) போட்டு, கட்டாயம் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் வழியாக இணையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும். வெப்பமானியைப் பாம்பு படுக்கும் தரையில் வைத்துப் பாருங்கள், சுவரில் மாட்டியது பயன்படாது.

அடுத்தது பாம்பு ஒளிந்துகொள்ள ஒளிவிடம். டிவியும் பிள்ளைகளும் இருக்கிற ஹாலில் நாலு பக்கமும் கண்ணாடி என்றால் எந்தப் பாம்பும் ஒடுங்கிப்போகும். ஆள் நடமாட்டம் குறைந்த அறைக்கு மாற்றி, மூன்று பக்கம் அட்டையால் மறையுங்கள். உடம்பு இடித்துக்கொண்டு நுழையும் அளவுக்கு ஒடுக்கமான பெட்டி, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பிறகு ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதோடு சரி, யாரும் தொட வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் இரை. உறைய வைத்த வளர்ப்பு எலி வாங்கி அனுப்பும்படி மகனிடம் சொல்லுங்கள். 40 முதல் 60 கிராம், பாம்பின் நடு உடம்பு பருமனுக்கு மேல் போகாமல். ஃப்ரிட்ஜில் வைத்து முழுக்க உருகவிட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்குங்கள். இந்தப் பாம்புக்கு உதட்டோரக் குழிகள் சூட்டை உணரும். சில்லென்ற எலி அதற்கு இரையாகவே தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு, நீளமான இடுக்கியால் பிடித்து ஒளிவிடத்தின் வாசலில் லேசாக அசையுங்கள். பிடிக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு விளக்கை அணைத்துப் போங்கள். காலையில் கிடந்தால் எறிந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் அடுத்த முயற்சி. தினமும் காட்டினால் இன்னும் வெறுக்கும். தின்றுவிட்டால் இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். கண் நீலம் பூத்து மங்கலாக இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அதுவரை இரை வேண்டாம்.

பால் கூடவே கூடாது. பாம்பின் உணவு அதுவல்ல, குடித்தால் வயிறு கெடும். வாயைப் பிளந்து ஊட்டுவதை மருத்துவரைத் தவிர யாரும் செய்யக் கூடாது, தாடை கிழியும்.

இது அயல்நாட்டு இனம் என்பதால் 2024-ல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மகனிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் காட்டு மலைப்பாம்பாக இருந்தால் வளர்ப்பதே குற்றம், வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

மூச்சில் இரைச்சல், வாயில் நுரை, தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, எடை 570-க்குக் கீழே போவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திராமல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். துணிப்பையில் கட்டி, மூச்சுக்கு ஓட்டை போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்று. மலையிறங்கும்போது பெட்டி ஆடாமல் மடியில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.