கத்தியிலிருந்து கோப்புக்கு: வாசகர் கேள்வி பதில்

என் மகன் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடிக்கப் போகிறான். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. பிற்காலத்தில் டீன், துணைவேந்தர் என்று போகும் ஆசையும் அவனுக்கு உண்டு. முதலில் சம்பாதித்துவிட்டு 45 வயதுக்கு மேல் கல்லூரிக்கு வரலாமா?
— மதுரை வாசகர்

வரலாம். ஆனால் கல்லூரியில் ஓராண்டு சீனியர் ரெசிடென்ட் (முதுநிலை முடித்தவர்கள் பார்க்கும் பயிற்சிப் பணி) வேலையை முன்பே முடித்திருக்க வேண்டும், அப்போதும் அந்த வயதில் உதவிப் பேராசிரியராகத்தான் உள்ளே நுழைவார். முதுநிலைப் பயிற்சி நடக்காத தனியார் மருத்துவமனையில் ஆயிரம் ஆபரேஷன் செய்திருந்தாலும் ஆசிரியப் பணிக் கணக்கில் அது பூஜ்ஜியம்தான். துணைவேந்தர் பதவி வரை நீளும் பாதையில் கையின் திறமையை யாரும் அளப்பதில்லை. எந்தத் தேதியில் எந்தப் பதவியில் இருந்தார் என்பதைத்தான் அளக்கிறார்கள்.

கணக்கு இப்படிப் போகும். எம்.பி.பி.எஸ். பயிற்சியாண்டோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று. தேசிய மருத்துவ ஆணையத்தின் தகுதி விதிகளின்படி, அதன்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஓராண்டு சீனியர் ரெசிடென்ட். உதவிப் பேராசிரியராக நான்கு ஆண்டும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளும் இருந்தால் இணைப் பேராசிரியர். அதில் மூன்று ஆண்டும் மொத்தம் நான்கு கட்டுரைகளும் ஆனால் பேராசிரியர். பதினெட்டு வயதில் கல்லூரி சேர்ந்தவர் காகிதக் கணக்கில் முப்பத்தைந்தை ஒட்டிப் பேராசிரியர் ஆகிவிடலாம். அரசுப் பணியில் அப்படி நடக்காது. காலியிடமும் சீனியாரிட்டிப் பட்டியலும் சேர்ந்து நன்றாக இழுத்தடிக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் விடும் ஒவ்வோர் ஆண்டும் கடைசியில் வட்டியோடு கேட்கும்.

அரசு வேலையிலும் ஒரு பொறி உண்டு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகி தாலுகா மருத்துவமனையில், அதாவது டி.எம்.எஸ். (மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம்) பக்கம், பல வருடம் இருந்துவிட்டால் அந்த ஆண்டுகளைக் கற்பித்தல் அனுபவமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. 2025இல் வந்த புதிய விதிகள் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்திருக்கின்றன. 220 படுக்கைகளுக்குக் குறையாத அரசு மருத்துவமனையில் முதுநிலைப் பட்டத்தோடு பத்தாண்டு பணிபுரிந்த நிபுணர் நேரடியாக இணைப் பேராசிரியர் ஆகலாம். இரண்டாண்டு என்றால் உதவிப் பேராசிரியர். இது அரசு மருத்துவமனைக்கு மட்டும்தான், உங்கள் மகனைக் கூப்பிடும் தனியாருக்கு இல்லை.

இரண்டு வேலைகளை இப்போதே முடிக்கச் சொல்லுங்கள். ஒன்று, உயிர்மருத்துவ ஆய்வு முறைகளுக்கான அடிப்படைப் படிப்பு. சென்னையில் இருக்கும் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இணையவழியில் நடத்துகிறது. வீடியோ பார்த்தால் மட்டும் போதாது, தேர்வும் எழுதித் தேற வேண்டும். இன்னொன்று, மருத்துவக் கல்வித் தொழில்நுட்பப் பயிற்சி. கட்டுரை விஷயத்தில் இளம் அறுவை மருத்துவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 'அபூர்வமான குடலிறக்கம், ஒரு நோயாளி' என்று எழுதும் ஒற்றை நோயாளிக் குறிப்புகள் பதவி உயர்வுக்கு உதவாது. பல நோயாளிகளைத் தொகுத்த தொடரோ மூல ஆய்வோ வேண்டும். ஆசிரியர் வரிசையில் முதல் மூன்று பெயருக்குள் அல்லது தொடர்பு ஆசிரியராக இருக்க வேண்டும். பெரிய டாக்டர் பெயர் முதலில், நம் பெயர் ஆறாவது என்றால் அந்தக் கட்டுரை வீட்டுச் சுவரில் மாட்டத்தான்.

டீனுக்கும் துணைவேந்தருக்கும் வேலையில் என்ன வித்தியாசம்? டீனாக இருந்தவர்தான் துணைவேந்தர் ஆக முடியுமா?
— கோவை வாசகர்

டீனிடம் படுக்கைகள் இருக்கின்றன, துணைவேந்தரிடம் இல்லை. வேலை முழுவதும் மாறிப்போவது இதனால்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி டீன்தான் அதோடு சேர்ந்த மருத்துவமனைக்கும் தலைவர். இரவு இரண்டு மணிக்கு ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தாலும், பிரேதப் பரிசோதனைக் கூடத்துக்கு வெளியே சாலை மறியல் நடந்தாலும் தொலைபேசி அவருக்குத்தான் வரும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமோ இணைப்புப் பல்கலைக்கழகம். 1987 சட்டப்படி அமைந்து 1988 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. கல்லூரிகளுக்கு இணைப்பு கொடுப்பது, தேர்வு நடத்துவது, முதுநிலை ஆய்வேடுகளைப் பதிவுசெய்து மதிப்பிடுவது, பட்டம் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. சுகாதார அமைச்சர் இணைவேந்தர். செய்முறைத் தேர்வுக்கு நான்கு தேர்வாளர்கள் வேண்டும், அதில் பாதிப்பேர் வெளியிலிருந்து. ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லையென்றால் அந்த மையத்தில் தேர்வே நிற்கும். துணைவேந்தர் அலுவலகத்தின் தூக்கம் கெடுவது இம்மாதிரி விஷயங்களில்தான்.

டீன் பதவி கட்டாயப் படி இல்லை. டீனுக்கு இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று பத்தாண்டு, அதில் குறைந்தது ஐந்தாண்டு பேராசிரியராக இருந்திருக்க வேண்டும். துணைவேந்தருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிகள் பத்தாண்டு பேராசிரியர் அனுபவம் கேட்கின்றன. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், பதிவாளர் வழியாக வருபவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் உள்ளோட்டம் டீன்களைவிட நன்றாகப் பிடிபட்டிருக்கும் என்பதே எங்கள் கருத்து.

அறுவை சிகிச்சையிலிருந்து போய் உண்மையில் சாதித்தவர்கள் உண்டா?
— யாழ்ப்பாண வாசகர்

சென்னைப் பல்கலைக்கழகத்தை 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் நடத்திய ஆ. லட்சுமணசுவாமி முதலியார் மகப்பேறு மருத்துவர். இன்று மூன்றாண்டுக்கு ஒருமுறை நாற்காலி மாறுகிற இடத்தில் அதை நினைத்துப் பார்ப்பதே கடினம். உங்கள் பக்கத்தில் சேர் நிக்கலஸ் ஆட்டிகல, அவரும் மகப்பேறு மருத்துவர். ஐவர் ஜெனிங்ஸுக்குப் பின் 1954இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார்.

இருந்தாலும் இந்தப் பாதையைப் படிக்க விரும்புகிறவர்கள் எம்.எஸ். வலியத்தானைப் பார்க்க வேண்டும். மாவேலிக்கரையில் 1934இல் பிறந்தவர், இதய அறுவை மருத்துவர். எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார். வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை இதய வால்வின் விலை நம் நோயாளிகளுக்கு எட்டவில்லை என்பதால் உள்நாட்டிலேயே செய்ய இறங்கினார். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. உலோகத் தாங்கி முறிந்தது, தேய்மானம் வந்தது, நீலக்கல் தகடு உடைந்தது. நான்காவதில் கடினமான கோபால்ட் உலோகக்கலவைக் கூண்டும் பாலிஎத்திலின் தகடும் வைத்த பிறகுதான் நின்றது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. 1993இல் மணிப்பால் உயர்கல்வி நிறுவனத்தின் முதல் துணைவேந்தராகப் போய் 1999 வரை இருந்தார்.

பொறியாளர், உலோகவியலாளர், கால்நடை மருத்துவர் என்று தன் சொல்லுக்குக் கட்டுப்படாத துறையினரோடு பல வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து தோல்வியைப் பேசிய பழக்கம் அவருக்கு இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் மட்டுமே இருந்துவிட்டு வருபவருக்கு அது வாய்ப்பதில்லை. தியேட்டரில் கை நீட்டினால் கருவி வரும், பல்கலைக்கழகப் பேரவையான செனட்டில் கை நீட்டினால் திருத்தத் தீர்மானம் வரும்.

எனக்கு 52 வயது, அரசுக் கல்லூரியில் பேராசிரியர். நிர்வாகப் பொறுப்பு வருகிறது. வாரம் ஒருநாள் ஆபரேஷன் செய்துகொண்டே அதையும் பார்க்க முடியுமா?
— தஞ்சாவூர் வாசகர்

வெளிநோயாளிப் பிரிவு பாருங்கள், வார்டு ரவுண்ட்ஸ் போங்கள், முதுநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுங்கள். பெரிய ஆபரேஷன் வேண்டாம். காரணம் தியேட்டரில் செலவாகும் மூன்று மணி நேரம் அல்ல. குடலை வெட்டி இணைத்த இடம் கசிந்தால் அது பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தெரியவரும். திங்கட்கிழமை நீங்கள் செய்த நோயாளிக்கு வெள்ளிக்கிழமை நாடித்துடிப்பு 120க்கு ஏறும்போது நீங்கள் தலைமைச் செயலகத்தில் கூட்டத்தில் இருப்பீர்கள். வயிற்றைத் திரும்பத் திறக்கலாமா என்ற முடிவை உங்கள் உதவிப் பேராசிரியர் எடுக்கத் தயங்குவார், ஏனென்றால் அது 'டீன் கேஸ்'. அந்தத் தயக்கத்தில் போகும் ஆறு மணி நேரம் ஆளையே கொண்டுபோய்விடும். செய்தே ஆக வேண்டுமென்றால் இன்னொரு பேராசிரியரின் யூனிட்டில், அவர் பெயரில் சேர்த்த நோயாளிக்கு, அவருக்கு உதவியாளராக நில்லுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும், வாயால் ஆணையிடுவது. கோப்பில் ஏறாதது நடக்காதது. எழுதிவைக்காத நல்ல முடிவுக்கும் தணிக்கையில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

துணைவேந்தர் விண்ணப்பங்கள் எதனால் தள்ளுபடியாகின்றன?
— திருநெல்வேலி வாசகர்

பெரும்பாலும் தேதியால். இணைப் பேராசிரியர் ஆண்டுகளையும் சேர்த்துப் பத்து என்று போடுவார்கள், செல்லாது. கல்லூரி மாறியவர்களிடம் விடுவிப்பு ஆணை இருக்காது. சேர்ந்த தேதிக்கும் விலகிய தேதிக்கும் நடுவில் ஓட்டை விழும். அரசு மருத்துவர் என்றால் தடையின்மைச் சான்று வேண்டும். சிகிச்சைக் குறைபாடு என்று வந்த புகாரில் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(பி) குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால், கடைசியில் குற்றமற்றவர் என்று முடியக்கூடியதாக இருந்தாலும், இப்போதைக்குக் கதவு மூடியதுதான். பழைய குறிப்பாணைகளுக்கு உடனுக்குடன் பதில் கொடுத்து இறுதி ஆணை வாங்கி வையுங்கள்.

நியமனம் கிடைத்த பிறகும் ஆபத்து உண்டு. தேடல் குழு மூன்று முதல் ஐந்து பெயர்கள் கொண்ட பட்டியல் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. கேரளத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு ஒரே பெயரைப் பரிந்துரைத்ததால் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தையே ரத்து செய்தது. தமிழ்நாட்டில் நியமன அதிகாரத்தை வேந்தரிடமிருந்து அரசுக்கு மாற்றும் மசோதாக்களை, வேந்தரான ஆளுநர் நிறுத்திவைத்தது பற்றிய வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மே மாதமே அதையொட்டிய சட்டத் திருத்தங்களுக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. எனவே அறிவிக்கை வரும்போது எந்தச் சட்டப் பிரிவின்கீழ் வெளியிடுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

எம்.பி.ஏ. படித்தால் கூடுதல் மதிப்பு உண்டா?
— சேலம் வாசகர்

விதியில் எங்கும் கேட்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் கல்லூரியின் நெறிமுறைக் குழுவில் உறுப்பினர்-செயலராக இருந்து, வினாத்தாள் தயாரித்து, ஒரு தணிக்கை ஆட்சேபணைக்காவது நீங்களே உட்கார்ந்து பதில் எழுதிப் பாருங்கள்.