சமூக டோக்கனில் போன பணம், இனிப் போடும் பணம்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 100க்கு வாங்கிய ஒரு கிரிப்டோ சமூகத்தின் டோக்கன் 10க்கு வந்துவிட்டது. போட்ட காசு திரும்பும்வரை வைத்திருக்கட்டுமா?

பதில்: திரும்ப வேண்டுமென்றால் பத்து மடங்கு ஏற வேண்டும். இன்று அந்தப் பத்து ரொக்கமாகக் கையில் இருந்தால் இதையே வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் விற்றுவிடுங்கள். அதற்கு முன் லிக்விடிட்டி பூலில், அதாவது விற்பவருக்குப் பணம் தரும் பொதுக் குவியலில், எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பூல் வற்றியிருந்தால் திரையில் தெரியும் விலை கைக்கு வராது.

கேள்வி: சும்மா வைத்திருந்தாலே பங்கு வரும் என்றார்களே, அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 2021இல் வந்த சேஃப்மூன் டோக்கனில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 10 சதவீதம் பிடித்தம். அதில் பாதி, ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குப் பிரிக்கப்பட்டது. 100க்கு வாங்கி உடனே விற்றால், விலை அசையாவிட்டாலும் கையில் நிற்பது 81தான். உங்களுக்கு வந்த 'பங்கு' இன்னொருவரிடம் பிடித்தது. வெளியிலிருந்து வருமானம் எதுவும் இல்லை.

டெர்ரா என்ற கிரிப்டோ நெட்வொர்க்கில் இருந்த ஆங்கர் என்ற சேமிப்புத் திட்டம் இன்னும் பெரிய கதை. ஒரு டாலரிலேயே நிற்க வேண்டிய ஸ்டேபிள்காயினான யூஎஸ்டியை (UST) போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் தந்தார்கள். கடன் வாங்கியவர்கள் கட்டிய வட்டி அதற்குப் போதவில்லை. கையிருப்பு கரையவே, 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலரைக் கொட்டி ஓட்டினார்கள். மே மாதம் யூஎஸ்டியும் அதைத் தாங்க வேண்டிய லூனா டோக்கனும் சில நாட்களில் சரிந்தன. வட்டியைக் கட்டுவது யார் என்று தெளிவாகச் சொல்ல முடியாத இடத்தில் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

கேள்வி: கட்டணம் கட்டினால் போன பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் மெசேஜ் அனுப்புகிறார்.

பதில்: மோசடி. கட்டாதீர்கள். டோக்கன் இருக்கும் வாலட்டைத் திறக்கும் மீட்புச் சொற்களை எவர் கேட்டாலும் தராதீர்கள்.

கேள்வி: எல்லாத் திட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்கிறீர்கள். எங்கள் திட்டத்தில் முதலாளியே கிடையாது, ஓட்டெடுப்பில்தான் முடிவு.

பதில்: நல்ல எண்ணத்தோடு தொடங்கிய திட்டங்களும் விழுகின்றன. டோக்கனுக்கு ஓர் ஓட்டு என்றால் அதிகம் வைத்திருப்பவர் சொல்வதுதான் நடக்கும். பரிமாற்றங்களைக் காட்டும் பிளாக் எக்ஸ்புளோரர் தளத்தில் டோக்கன் முகவரியைப் போட்டு ஹோல்டர்கள் பட்டியலைத் திறங்கள். பூல், எக்ஸ்சேஞ்ச் முகவரிகளை விட்டுவிட்டு முதல் பத்து வாலட்டுகளின் சதவீதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி (அவரே): கூட்டினேன், பாதிக்கு மேல் வருகிறது. ஆனால் அவர்கள் ஆரம்பம் முதல் உழைத்தவர்கள். சமூகம் ஒற்றுமையாக இருந்தால் மீண்டு வரும்.

பதில்: உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பத்துப் பேரில் இருவர் விற்றாலே விலை என்னவாகும்? 2016இல் 'தி டாவோ'வில் நடந்ததைப் பாருங்கள். எத்தீரியம் நெட்வொர்க்கில் பலர் அதன் நாணயமான ஈத்தரைப் போட்டு, ஓட்டெடுப்பில் நடத்த நினைத்த முதலீட்டு நிதி அது. நிரலில் இருந்த ஓட்டை வழியாக ஏறக்குறைய 36 லட்சம் ஈத்தர் போயிற்று. அதைத் திருப்ப எத்தீரியத்தின் பதிவேடான பிளாக்செயினையே பிரிக்கலாமா என்று பெரிய சண்டை. ஜூலையில் பிரித்தார்கள். ஒப்பாதவர்கள் பழையதிலேயே நின்றார்கள், அதுதான் எத்தீரியம் கிளாசிக். தேர்ந்த ஆட்கள் நிறைந்த சமூகமே இரண்டாய்ப் போனது. அங்கே தூக்கிவிட ஒரு நெட்வொர்க்கே முன்வந்தது. உங்கள் டோக்கனுக்கு யார் வருவார்?

கேள்வி: ஆடிட் முடிந்த திட்டம் பாதுகாப்புதானே?

பதில்: ஆடிட் நிரலைத்தான் பார்க்கும். திட்டத்தை மாற்றும் சாவி வைத்திருப்பவர் நாளை என்ன செய்வார் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

கேள்வி: சரி சார், மிச்சத்தை எங்கே போடுவது?

பதில்: வட்டி அதிகமான கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். பிறகு ஆறு மாதச் செலவுக்கான பணம், வைப்புக் காப்பீடு உள்ள வங்கியில். காப்பீட்டு வரம்பு நாட்டுக்கு நாடு மாறும், தாண்டினால் இன்னொரு வங்கி. தேதி தெரிந்த செலவுக்கு, அதற்கு முன்பே முதிரும் வைப்போ அரசுப் பத்திரமோ போதும். பல ஆண்டு தொடாத பணத்துக்கு, சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்ட். அதுவும் இறங்கும், பதறி விற்கக் கூடாது. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிக்கும் காலம் தோராயமாகத் தெரியும்: 6 சதவீதத்தில் 12 ஆண்டு.

கேள்வி: 12 ஆண்டா! 20 சதவீதம் தரும் பாதுகாப்பான ஸ்டேபிள்காயின் சொல்லுங்களேன்.

பதில்: மேலே ஆங்கர் பற்றி எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

கேள்வி: மீட்டுத் தருபவர் லைசென்ஸ் எல்லாம் காட்டுகிறாரே?

பதில்: காட்டட்டும். முன்பணம் கேட்டால் மோசடி. இதே கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: என் பேச்சைக் கேட்டுத் தம்பியும் போட்டான். அவனிடம் எப்படிச் சொல்வது?

பதில்: விலை ஏறட்டும் என்று காத்திருக்காதீர்கள், இன்றே சொல்லுங்கள். பூலில் பணம் இருக்கும்போதே அவன் முடிவெடுக்கட்டும். மீட்டுத் தருவதாக வருபவர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.