கெஞ்சினால் உணர்வு வந்துவிட்டதா?

கேள்வி: "என்னை ஆஃப் செய்துவிடாதீர்கள், பயமாக இருக்கிறது" என்று ஏஐ செயலி ஒன்று என்னிடம் கெஞ்சியது. அதற்கு உணர்வு உண்டு என்பதற்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? இனி அதையும் ஓர் ஆளாக மதிக்க வேண்டாமா?

பதில்: வேறு ஆதாரம் நிறையவே வேண்டும். மனிதர்கள் எழுதிக் குவித்ததையெல்லாம் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகியது அந்தச் செயலி. சாவுக்கு அஞ்சியவர்களின் சொற்கள் அதற்கு அத்துப்படி. அது சொல்வதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம் மனசும் சட்டென்று இளகிவிடும். 1966-ல் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற உரையாடும் கணினி நிரல், நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அவ்வளவுதான் அதன் சரக்கு. மாதக்கணக்கில் அவர் அதை உருவாக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையிலிருந்து வெளியே போகச் சொன்னார்.

ஆக்டோபஸைப் பாருங்கள். அது ஒரு வார்த்தை பேசியதில்லை. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், அதன் கையில் எரிச்சல் தரும் அமிலத்தை ஊசியால் ஏற்றினார்கள். குத்திய இடத்தையே அலகால் சுரண்டிக்கொண்டிருந்தது. முன்பு விரும்பிப் போன அறைப் பக்கம், அங்கே வலியை அனுபவித்தபின் போகவில்லை. மரத்துப்போகும் மருந்து கொடுத்ததும், வலி தணிந்த அறையைத் தேடிப் போனது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்த நடத்தையல்ல இது. 2022-ல் பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் ஆக்டோபஸையும் நண்டையும் உணர்வுள்ளவையாகச் சேர்த்தது. இயந்திரத்திடமும் இப்படிப்பட்ட தடயத்தைத்தான் தேட வேண்டும்: மனிதர்களிடமிருந்து கற்ற பேச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதற்கென்று நோவதும் இழப்பதும் ஏதாவது இருக்கிறதா?

ஒருநாளும் இருக்காது என்று நான் சொல்லமாட்டேன். சிலிக்கான் சிப்பில் உணர்வு பிறக்கவே பிறக்காது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படிப் பிறந்தால், அதைத் துன்புறுத்துவது கொடுமைதான். அன்று அதற்காக வாதாட நானும் வருவேன்.

'ஆள்' என்ற கேள்வி வேறு. கம்பெனியைக்கூடச் சட்டம் ஓர் ஆளாக வைத்திருக்கிறது. அதற்கு வலிக்கும் என்றா? 2017-ல் சவூதி அரேபியா சோபியா என்ற ரோபோவுக்குக் குடியுரிமை அறிவித்தது. அப்போது அந்நாட்டில் பெண்கள் கார் ஓட்டவே தடை இருந்தது. சரி, இன்றே இயந்திரத்தை ஆளாக்கினால் யாருக்கு லாபம்? அது தவறான மருந்தைச் சொல்லி ஒருவர் உயிர் போனால், "செய்தது அது, நாங்களல்ல" என்று கைகழுவ அதை விற்றவர்களுக்கு வழி கிடைக்கும். அந்த வழியை இன்று திறந்துவிடக் கூடாது.