மெத்தைக்கு அடியில் காற்று: பிளாட்ஃபார்ம் கட்டில் பற்றி வாசகர் கேள்விகள்

கால்மாட்டில் தடுப்பு இல்லாமல், தாழ்வாக, மெத்தையை மேடைபோல நேராகத் தாங்கும் கட்டிலைத்தான் கடைகளில் பிளாட்ஃபார்ம் கட்டில் என்கிறார்கள். அதைச் செய்வது, வாங்குவது, பராமரிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி (திருச்சி): தச்சரை வீட்டுக்கே வரவழைத்து ஐந்தடி அகலத்தில் பிளாட்ஃபார்ம் கட்டில் செய்யப்போகிறோம். முழுப் பலகை அடிப்பதா, இடைவெளி விட்டு ரீப்பர் பட்டைகள் போடுவதா? எவ்வளவு மரம் பிடிக்கும்? மெத்தை இன்னும் வாங்கவில்லை.

பதில்: மெத்தை அளவை முடிவு செய்யாமல் மரத்தில் ரம்பம் வைக்கவே கூடாது. 'குயின் சைஸ்' என்ற ஒரே பெயரில் 72-க்கு 60, 75-க்கு 60, 78-க்கு 60 அங்குலம் என்று மூன்று அளவுகள் விற்கின்றன. 78 அங்குலக் கட்டிலில் 75 அங்குல மெத்தையைப் போட்டால் தலைமாட்டில் மூன்று அங்குலப் பள்ளம் விழும். தலையணை தினமும் அதற்குள் இறங்கும். இங்கே 78-க்கு 60 அங்குலம், ஆறு அங்குலக் கனமுள்ள மெத்தை என்று வைத்துக் கணக்குச் சொல்கிறோம்.

பலகையா ரீப்பரா என்றால், ரீப்பர்தான். காரணத்தை அடுத்த கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கட்டிலின் உள்ளளவு மெத்தையைவிட அரை அங்குலம் கூடுதலாக, 78½-க்கு 60½ இருக்கட்டும். விரிப்பைச் செருக அந்த இடம் வேண்டும். நீளச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் 81 அங்குலம். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் 60½ அங்குலத்தில் ஒவ்வொன்று. நான்குமே 6 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். மூலைக் கால்கள் நான்கும் 3-க்கு 3 அங்குலம், உயரம் 12¼. நீளச் சட்டங்களின் உட்பக்கம், கால்களுக்கு நடுவே, ஒன்றரைக்கு ஒன்றரை அங்குலத் தாங்குகட்டை. எட்டு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. தாங்குகட்டையின் மேல்மட்டமும் கால்களின் மேல்மட்டமும் ஒன்றாக, சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து 1¾ அங்குலம் கீழே வரவேண்டும். முக்கால் அங்குல ரீப்பர் போட்ட பிறகு மெத்தை உட்கார ஓர் அங்குலப் பள்ளம் மிஞ்சும். மெத்தை நகராமல் இருக்க அது போதும். சட்டத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 8 அங்குலம் நிற்கும். துடைப்பம் தாராளமாக நுழையும்.

நடுச்சட்டம் இல்லாமல் ஐந்தடிக் கட்டில் செய்யவே கூடாது. 4-க்கு 2 அங்குலச் சட்டத்தைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு, 4 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். அதே மரத்தைப் படுக்கவைத்தால் விறைப்பு நாலில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதற்கடியில் மூன்று கால்கள், ஒவ்வொன்றும் 8¼ அங்குலம், அடியில் திருகி உயரம் மாற்றும் புஷ்ஷோடு. நம் வீட்டுத் தரைகள் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. நடுக்கால் தரையைத் தொடாமல் கால் அங்குலம் தொங்கினால் அது இருந்தும் பயனில்லை. நடுச்சட்டம் ரீப்பரின் தாங்கல் தூரத்தை 60 அங்குலத்திலிருந்து 30 ஆக்குகிறது. தூரம் பாதியானால் அதே எடைக்கு ரீப்பர் வளைவது எட்டில் ஒரு பங்காகிவிடும்.

பெரும்பாலான கட்டில்கள் கெடும் இடமும் இதுதான்: நடுச்சட்டத்தின் மேல்மட்டம் இரு பக்கத் தாங்குகட்டைகளோடு ஒரே மட்டத்தில் இல்லாமல் போவது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயர்ந்தால் ரீப்பர் ஏற்றப்பலகைபோல இரு பக்கமும் ஆடும். தாழ்ந்தால் படுக்கும்போதெல்லாம் ரீப்பர் இறங்கி 'டொக்' என்று சட்டத்தில் தட்டும். ரீப்பர் அடிப்பதற்கு முன் மூன்றுக்கும் குறுக்கே நூல் பிடித்து, ரசமட்டமும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரீப்பர் 15 வேண்டும், 3 அங்குல அகலத்தில். முதலும் கடைசியும் சட்டத்தை ஒட்டி வந்தால் இடைவெளி 2.4 அங்குலம் அமையும். ஃபோம், லேடெக்ஸ், ஸ்பிரிங் மெத்தைகளுக்கு இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மெத்தை இடுக்கில் பிதுங்கி வரிவரியாகப் பள்ளம் விழும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். பஞ்சுக்குத் தானாக விறைத்து நிற்கும் வலு கிடையாது.

மரக் கணக்கு: எல்லாம் மரத்திலேயே என்றால் வெட்டு, இழைப்புச் சேதம் சேர்த்து ஏறக்குறைய நாலேகால் கன அடி. இதில் ரீப்பருக்கு மட்டும் ஒன்றரைக்கு மேல் போகிறது. கண்ணுக்கே தெரியாத ரீப்பருக்குத் தேக்கு போடுவது வீண்செலவு. 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று வாங்குங்கள். முதலில் நீளவாக்கில் 60 அங்குலத்துக்கு அறுத்து, பிறகு 3 அங்குலப் பட்டைகளாகக் கிழித்தால், ரம்பம் தின்னும் தூளும் போக, சரியாகப் பதினைந்து கிடைக்கும். மிஞ்சுவது 36-க்கு 48 அங்குலத் துண்டு. தலைமாட்டுப் பலகைக்கு ஆகும். பட்டையின் நீளம் ஷீட்டின் எட்டடி நீளத்தை ஒட்டியே வரவேண்டும், மேல்தாளின் ரேகை அந்த வாக்கில்தான் ஓடுகிறது. குறுக்கே அறுத்த பட்டை சீக்கிரம் தொய்யும். பிளைவுட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 303-இல் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரம் போதும், படுக்கையறைக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் அவசியமில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சி.எம்./எல். உரிம எண் ஷீட்டில் இருக்கிறதா பாருங்கள்.

மூலைகளில் ஆணி வேண்டாம், 8 மி.மீ. போல்ட் போடுங்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் காலோடு இரண்டு, ஆக மொத்தம் 16. நீளம் 5 அங்குலம், இரு பக்கமும் வாஷர். ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் போல்ட் நுழைவதால் துளைகளை ஒரே உயரத்தில் போட்டால் உள்ளே மோதும். முக்கால் அங்குலம் ஏற்றி இறக்கிப் போடச் சொல்லுங்கள். போல்ட் போட்ட கட்டிலைக் கழற்றி மாடிப்படி வழியே ஏற்றலாம். பசை போட்டு இறுக்கிய கட்டில் படித் திருப்பத்தில் நின்றுவிடும்.

கேள்வி (நாகப்பட்டினம்): இரண்டு வருடத்துக்கு முன் செய்த கட்டில். மேலே முழு பிளைவுட், அதன்மேல் மைக்கா ஒட்டியிருக்கிறது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளிகள், பூஞ்சை வாடை. மெத்தைக் கடையில் கேட்டால் கட்டில் சரியில்லை என்கிறார்கள். தச்சர் மெத்தை சரியில்லை என்கிறார்.

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரி. இரவு முழுவதும் உடம்பிலிருந்து வரும் வியர்வையின் ஈரம் மெத்தைக்குள் இறங்குகிறது. வழக்கமாக அது அடிவழியாகக் காற்றில் கலந்துவிடும். உங்கள் கட்டிலில் அடியில் மைக்கா. ஈரத்தை உறிஞ்சவும் உறிஞ்சாது, வழியும் விடாது. அறையில் ஏ.சி. ஓடினால் பலகை குளிர்ந்து, மேலிருந்து இறங்கும் ஈரம் அங்கே துளியாக நிற்கும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். மழை மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

பலகையில் ஓட்டை போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றரை அங்குல ஓட்டைகளை ஆறு அங்குலத்துக்கு ஒன்று வீதம் போட்டால் ஏறக்குறைய நூறு ஓட்டை வரும். கணக்குப் பார்த்தால் பலகைப் பரப்பில் திறப்பது நூற்றுக்கு நாலு பங்குதான். ரீப்பரில் நாற்பதுக்கு மேல் திறந்திருக்கும். அடியில் மூடிய பெட்டி இருந்தால் அந்த நாலு பங்கும் பயனற்றது, காற்று பெட்டிக்குள்ளேயே முடங்கும். அதனால் பலகையைக் கழற்றிவிட்டு ரீப்பர் அடியுங்கள். பெட்டிக் கட்டில் என்பதால் பலகையை எடுக்க முடியாதென்றால், அதன்மேல் முக்கால் அங்குலப் பட்டைகளைக் குறுக்கே அடித்து மெத்தையைத் தூக்கி வையுங்கள். பட்டைகளின் முனை விளிம்பில் திறந்தே இருக்கட்டும். அப்படிச் செய்தால் மெத்தை முக்கால் அங்குலம் உயரும், ஆனால் ஈரம் வெளியேறும்.

மெத்தை உறையை வெளியில் வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். அறைக்குள் செய்தால் பூஞ்சைத் தூள் பரவும். கறுப்புப் புள்ளிகள் உறையோடு நின்றிருந்தால் மெத்தையைக் காப்பாற்றலாம். ஃபோமுக்குள்ளேயே இறங்கியிருந்தால் மாற்றுவதுதான் நல்லது, அதிலும் வீட்டில் இளைப்பு உள்ளவர் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெத்தையைச் சுவரில் சாய்த்து மின்விசிறிக் காற்றில் அரைநாள் நிறுத்துங்கள். இலவம்பஞ்சை வெயிலில் போடலாம். லேடெக்ஸை மட்டும் போடாதீர்கள், வெயிலில் அது காய்ந்து பொடியும்.

கேள்வி (கோவை): பிஸ்டன் உதவியால் மூடியைத் தூக்கி உள்ளே பொருள் வைக்கும் ஹைட்ராலிக் கட்டில் வாங்கினோம். ஆரம்பத்தில் சுலபமாகத் தூக்க முடிந்தது. தென்னை நார் மெத்தைக்கு மாற்றிய பிறகு என் மாமியாரால் தூக்கவே முடியவில்லை. தூக்கினாலும் மெல்ல இறங்கி வருகிறது. பிஸ்டன் போய்விட்டதா?

பதில்: பிஸ்டன் கெட்டிருக்க வேண்டியதில்லை, எடைதான் மாறியிருக்கிறது. ஐந்தடிக்கு ஆறரையடி, 18 மி.மீ. பிளைவுட் மூடி மட்டும் சுமார் 35 கிலோ. ஆறு அங்குல ஃபோம் மெத்தை ஏறக்குறைய 18 கிலோ வரும்; அதே அளவில் அழுத்திய நார் மெத்தை 40 கிலோவைத் தொடும். ஃபோமுக்குக் கணக்குப் பார்த்துப் போட்ட பிஸ்டன் நாருக்குப் போதாது.

பிஸ்டன் உடம்பில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தோடு ஓர் எண் அச்சிட்டிருக்கும்: 800, 1000, 1200 இப்படி. பத்தால் வகுத்தால் அது தள்ளும் விசை தோராயமாகக் கிலோவில். மெத்தை எடையைச் சொல்லி, அதற்கேற்ற எண்ணில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மூடி கோணலாகத் தூக்கிக் கீல் பிய்ந்துவரும். பலமான பிஸ்டன் போட்ட பிறகு மெத்தை இல்லாமல் மூடியை அழுத்தி மூட முயலாதீர்கள். திரும்ப எம்பி முகத்தில் அடிக்கும். கெட்ட பிஸ்டனைத் துளைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது, உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது.

பெரியவர்கள் தினமும் எடுக்கும் பொருளை ஹைட்ராலிக்குக்குள் வைப்பதே எங்களுக்குச் சரியாகப் படவில்லை. வருடத்துக்கு இரண்டுமுறை எடுக்கும் கம்பளி, பாத்திரம், கொலுப் பெட்டிக்கு அது நல்லது. தினப்படி துணிக்குச் சக்கரம் வைத்த தாழ்வான பெட்டி இரண்டு செய்து காலுள்ள கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். இழுப்பறை ஓடும் சேனல் வேண்டாம், கீல் வேண்டாம்.

கேள்வி (இராஜபாளையம்): மாடியில் புது அறை. செங்கல் கட்டி மேலே கான்கிரீட் போட்டுத் திண்ணைபோலவே கட்டில் அமைத்துவிடலாம், கரையான் தொல்லையே வராது என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: தரைத்தளம் என்றால் செய்யலாம். மாடியில் பொறியாளரைக் கேட்காமல் வேண்டாம். சுற்றிலும் நடுவிலும் ஓரடி உயரம் நாலரை அங்குலச் செங்கல் சுவர், மேலே மூன்று அங்குலக் கான்கிரீட் என்றால் எடை 1,100 கிலோவைத் தாண்டும். கட்டில் பரப்பு சுமார் மூன்று சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 370 கிலோவுக்கு மேல். குடியிருப்பு அறைக்குக் கட்டடச் சுமை பற்றிய இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. ஆட்களும் மெத்தையும் இதற்கு மேல்.

கீழே கட்டுவதானாலும் கல்லின்மேல் மெத்தையை நேராகப் போடாதீர்கள். நாகப்பட்டினம் வாசகிக்குச் சொன்ன பட்டைகள் இங்கே இன்னும் அவசியம், கல் மரத்தைவிடக் குளிரும்.

கேள்வி (நாகர்கோவில்): ரப்பர் மரக் கட்டில் விலை குறைவாகக் கிடைக்கிறது. உளுத்துப்போகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பதப்படுத்தாத ரப்பர் மரம் உளுக்கும், அதில் மாவுச்சத்து அதிகம், வண்டு தேடி வரும். போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்திய மரம் நன்றாகவே உழைக்கும். 'ட்ரீட்டட்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு தரையில் மாவுபோல மெல்லிய தூளும் மரத்தில் குண்டூசித் துளையும் தெரிந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். தேக்கிலும் வெளிவட்டத்து வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும், வைரம் பாய்ந்த பகுதியைத்தான் விடும். ஆகவே 'தேக்கு' என்ற பெயரை மட்டும் கேட்டு ஏமாற வேண்டாம்.

கேள்வி (சேலம்): அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான கட்டில் ஆகுமா?

பதில்: ஆகாது. மெத்தை மேல் உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பட்டு, தொடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 18 முதல் 20 அங்குலம். மெத்தை உட்காரும்போது ஓர் அங்குலமாவது அமுங்கும், அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். கட்டில் ஏற்கெனவே செய்தாகிவிட்டது என்றால் கால்களுக்கு அடியில் கட்டை வைக்காமல், நீளமான கால்களாக மாற்றுங்கள். நடுக்கால்களையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (மதுரை): புரண்டு படுத்தாலே கட்டில் கிறீச்சிடுகிறது.

பதில்: மெத்தையை எடுத்துவிட்டு ஒவ்வொரு ரீப்பராகக் கையால் அழுத்திப் பாருங்கள், சத்தம் வரும் இடம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ரீப்பரில் என்றால், ஆணியைப் பிடுங்கி ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போடுங்கள், முன்கூட்டியே 3 மி.மீ. துளையிட்டு. மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது ஆணி மெல்ல மெல்ல மேலே வந்துவிடும், ஸ்க்ரூ வராது. நடுச்சட்டத்தின் மேல் ரப்பர் பட்டை அல்லது பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி ஒட்டுங்கள். மூலையில் சத்தம் என்றால் போல்ட்டை இறுக்கி, சட்டமும் காலும் உரசும் முகத்தில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து மறுபடி கத்தும்.